பாடநூல் கணுக்கால்: நரம்பு, தமனி மாறுபாடுகளும் ‘இயல்பு’ என்னும் கணக்கும்

1. கேள்வி

உடற்கூறியல் பாடநூல்களில் மனிதக் கணுக்காலுக்கு ஒரே ஒரு படம்தான் உண்டு. முழங்காலுக்குக் கீழே முன்புறமாக இறங்கும் முன் டிபியல் தமனி, இரு கணுக்களுக்கும் நடுவே வந்ததும் புறங்கால் தமனி என்று பெயர் மாறுகிறது. உள்கணுவுக்குப் பின்னால் இரண்டு தசைநாண்கள், பின் டிபியல் தமனி, டிபியல் நரம்பு, கடைசியாகப் பெருவிரலை மடக்கும் தசைநாண் என்று வரிசை அமைகிறது. வெளிக்கணுவுக்குப் பின்னால் சூரல் நரம்பு ஓடுகிறது. முன்புறத் தோலுக்கு அடியில் மேலோட்டப் பெரோனியல் நரம்பு இரண்டாகப் பிரிந்து விரல்களை நோக்கிப் போகிறது. இதிலிருந்து விலகும் அமைப்புகளெல்லாம் ‘மாறுபாடுகள்’ என்ற தலைப்பில், சிறிய எழுத்தில், ஒரு பத்தியில் முடிந்துவிடுகின்றன.

அந்தச் சிறிய எழுத்துப் பத்தியைப் பற்றியதே இக்கட்டுரை. கேள்வி ஒன்றுதான்: பாடநூல் வரையும் கணுக்கால் உண்மையில் எத்தனை பேருக்கு உண்டு? ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் தனித்தனியே சதவீதங்கள் அச்சாகியிருக்கின்றன. அவை எப்படிக் கிடைத்தன, ஒன்றோடொன்று ஏன் ஒத்துப்போவதில்லை, எல்லாவற்றையும் ஒரே காலில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பவற்றை ஆராய்ந்தால், ‘இயல்பு’ என்று நாம் சொல்வது பெரும்பான்மையைக் குறிக்கும் சொல்தானா என்ற ஐயம் எழுகிறது. பாடநூல் கணுக்கால் பெரும்பான்மைக் கணுக்கால் அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. ஒற்றைப் படம் எப்படி வந்தது

வெசாலியஸ் 1543இல் வெளியிட்ட பெருநூல், கேலனின் விலங்கு உடற்கூறைத் திருத்தி மனித உடலை நேரில் அறுத்துக் கண்ட நூல் என்று போற்றப்படுகிறது. அவரும் தாம் கண்ட எல்லா உடல்களையும் வரையவில்லை. முன்மாதிரியாகத் தக்க ஓர் உடலை வரைந்துகொண்டு, விலகல்களை உரைநடையில் சொல்லிச் சென்றார். 1747இல் லைடனில் அல்பினஸ் வெளியிட்ட எலும்பு, தசைப் படங்களில் இந்தப் போக்கு உச்சத்தைத் தொட்டது. குறைகள் நீக்கிச் செம்மை செய்யப்பட்ட ஓர் உடலே அங்கே மனித உடலாக நின்றது. இவர்களுடைய ‘இயல்பு’ ஓர் இலட்சியம். அது எண்ணிப் பார்த்துப் பெற்ற முடிவல்ல.

எண்ணிப் பார்க்கும் மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. அறுவை மருத்துவர்கள் தமனிகளைக் கட்டத் தொடங்கியபோது, தமனி எங்கே இருக்கும் என்பதோடு எத்தனை பேரில் அங்கே இல்லாமல் போகும் என்பதும் உயிர்ப் பிரச்சினையானது. இலண்டனில் ரிச்சர்ட் குவெய்ன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை ஆராய்ந்து 1844இல் தமனிகளைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். 1928இல் கியோட்டோவில் புன்தாரோ அடாச்சி ஜப்பானியரின் தமனி மண்டலத்தை இரண்டு பெரிய தொகுதிகளில் பதிவு செய்தார்.

அடாச்சியின் உழைப்பு வியக்கத்தக்கது. அதன் தலைப்பே ஒரு சிக்கலையும் காட்டுகிறது. மாறுபாட்டை இனத்தின் அடையாளமாகத் தேடும் அக்கால மானிடவியல் நோக்கு அதில் கலந்திருக்கிறது. அந்தப் பழக்கம் இன்றும் விடவில்லை. ஒரு கல்லூரியின் உடற்கூறியல் துறைக்கு வந்துசேர்ந்த முப்பது உடல்களில் கண்டதை ஒரு நாட்டு மக்கள் அனைவருக்குமான எண்ணாகத் தலைப்பிட்டு வெளியிடும் கட்டுரைகள் பல நாடுகளிலிருந்தும் வருகின்றன. ஒரே ஊரின் இரண்டு ஆய்வுகளுக்கு இடையிலான வேறுபாடு, இரண்டு கண்டங்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரிதாக இருப்பது உண்டு. அதற்கான காரணத்தை ஐந்தாம் பகுதியில் காண்போம்.

3. தமனிகள்: பாதத்துக்கு இரத்தம் தருவது யார்

முழங்காலுக்குக் கீழே மூன்று தமனிகள் உள்ளன. முன் டிபியல் தமனி புறங்காலுக்கும், பின் டிபியல் தமனி உள்ளங்காலுக்கும் இரத்தம் தருவதாகப் பாடம். மூன்றாவதான பெரோனியல் தமனி ஃபிபுலா எலும்பை ஒட்டி ஓடி, கணுக்காலுக்கு அருகில் சிறு கிளைகளாக முடிகிறது. பாடநூலில் இதற்குத் துணைப் பாத்திரம்தான்.

மாறுபாடுகளைப் பார்த்தால் நிலைமை தலைகீழாகிறது. மற்ற இரண்டும் மெலியலாம், இல்லாமலும் போகலாம். பெரோனியல் தமனி இல்லாமல் போவது மிக மிக அரிது. மற்றவற்றில் ஒன்று குறையும்போது அந்த இடத்தை நிரப்புவதும் இதுவே. முன் டிபியல் தமனி மெலிந்தால், வெளிக்கணுவுக்குச் சில அங்குலம் மேலே எலும்பிடைச் சவ்வைத் துளைத்துவரும் பெரோனியல் கிளை பெருத்து, புறங்கால் தமனியாகவே தொடர்கிறது. பின் டிபியல் தமனி மெலிந்தால், பெரோனியலின் இன்னொரு கிளை உள்கணுப் பக்கம் திரும்பி உள்ளங்காலுக்குப் போகிறது. இரண்டுமே மெலிந்த காலில் பாதம் முழுவதும் பெரோனியல் தமனி ஒன்றையே நம்பியிருக்கிறது. இதைப் பெரும் பெரோனியல் தமனி என்பார்கள்.

இவற்றின் அளவுக்கு அதிகம் எடுத்தாளப்படும் சான்று, 1989இல் கிம், ஓரன், ஸ்கில்மன் ஆகியோர் 605 கால்களின் ஆஞ்சியோகிராம் படங்களைக் கொண்டு செய்த வகைப்பாடு. பின் டிபியலுக்குப் பதில் பெரோனியல் வந்த கால்கள் 3.8 சதவீதம், முன் டிபியலுக்குப் பதில் வந்தவை 1.6 சதவீதம், இரண்டுக்கும் பதில் வந்தவை 0.2 சதவீதம். மூன்றையும் கூட்டினால் 5.6. அதாவது ஏறக்குறைய பதினெட்டுக் கால்களில் ஒன்று.

இந்த எண்ணுக்கு அருகே இன்னோர் எண்ணை வைத்துப் பார்க்கவேண்டும். 1941இல் ஹியூபர் 200 பாதங்களை அறுத்துப் பார்த்து, புறங்கால் தமனி இல்லாதவையும் மிக மெலிந்தவையும் சேர்ந்து 12 சதவீதம் என்றார். கிம் குழுவின் கணக்கில் முன் டிபியல் மெலிந்த கால்கள் 2 சதவீதத்தையும் எட்டவில்லை. உயிருள்ள ஆரோக்கியமானவர்களின் புறங்காலில் விரல் வைத்துத் தேடிய ஆய்வுகளோ, நாடி தட்டுப்படாதவர்கள் 3 முதல் 14 சதவீதம் என்கின்றன. அதே ஆட்களிடம் டாப்ளர் கருவியை வைத்தால் இந்த எண் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

விரலுக்கு நாடி தட்டுப்படாததற்குக் காரணங்கள் பல. பெருவிரலை மேலே தூக்கச் சொன்னால் அதன் தசைநாண் புறங்காலில் கயிறுபோல் எழும்பும். அதன் வெளிப்பக்கத்தை ஒட்டி, அடியிலுள்ள எலும்பின்மீது மெல்ல அழுத்தினால் நாடி தெரியவேண்டும். சற்றே அழுத்தம் கூடினாலும் தமனி நசுங்கித் துடிப்பு மறையும். அழுத்துபவரின் விரல்நுனித் துடிப்பே நோயாளியின் நாடியாக மயக்குவதும் உண்டு. பெரோனியலிலிருந்து வரும் புறங்கால் தமனியாக இருந்தால் துடிப்பு வழக்கமான இடத்தை விட்டு வெளிக்கணுவின் முன்பக்கம் நகர்ந்திருக்கும். விரலை அங்கே நகர்த்தாதவர் ‘நாடி இல்லை’ என்று எழுதிவிடுவார். ஆகவே ‘இல்லாத நாடி’ என்ற ஒரே சொற்றொடருக்குள் இல்லாத தமனி, மெலிந்த தமனி, இடம் மாறிய தமனி, தவறிய விரல் என நான்கு வேறு செய்திகள் அடங்கியிருக்கின்றன.

4. நரம்புகள்: நான்கு சான்றுகள்

4.1 மேலோட்டப் பெரோனியல் நரம்பு

கணுக்காலின் முன்பக்கத் தோலுக்கு உணர்வு தரும் இந்த நரம்பு, கணுக்காலுக்கு ஏறத்தாழ 12 செ.மீ. மேலே ஆழ்படலத்தைத் துளைத்துத் தோலடிக்கு வருகிறது. 1994இல் பிளேர், பாட்டே இருவரும் 25 கால்களில் மூன்று வகைகளைப் பிரித்தார்கள். ஒற்றை நரம்பாக வெளிவந்து, கணுக்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிவது முதல் வகை: 72 சதவீதம். இரு கிளைகளும் தனித்தனியே வெளிவருபவை மற்ற இரண்டு வகைகள். அவற்றுள் ஒன்றில் (16 சதவீதம்) ஒரு கிளை ஃபிபுலாவின் பின்புறமாக இறங்கி, பிறகு எலும்பைக் குறுக்கே கடந்து முன்னுக்கு வருகிறது. வெளிக்கணு முறிவுக்குத் தகடு பொருத்த அறுக்கும் கோட்டின்மீதே இந்தக் கிளை வந்து படுக்கும்.

இன்னும் மேலே போனால் வேறொரு மாறுபாடு. 1991இல் அட்கிசன் குழு 85 கால்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ முக்கால் பங்கில் மட்டுமே இந்த நரம்பு பாடநூல் சொல்லும் வெளித் தசைப்பிரிவில் இருந்தது. மற்றவற்றில் முன் தசைப்பிரிவிலோ, இரண்டிலும் கிளைகளாகவோ இருந்தது. அடிபட்டு வீங்கிய காலில் அழுத்தம் தணிக்கப் படலத்தைக் கீறும் அவசர அறுவையில் இதை மறந்தால் நரம்பு அறுபடும்.

4.2 சூரல் நரம்பு

கெண்டைக்காலின் பின்புறம் டிபியல் நரம்பிலிருந்து வரும் ஒரு கிளையும் பெரோனியல் நரம்பிலிருந்து வரும் ஒரு கிளையும் சேர்ந்து சூரல் நரம்பாகின்றன என்பது பாடம். தாய்லாந்தில் 152 கால்களை ஆராய்ந்து 2002இல் வெளிவந்த ஆய்வில் இவ்வாறு சேர்ந்தவை 67.1 சதவீதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் கால்களில் டிபியல் கிளை மட்டுமே தனியாக நீண்டு சூரலாகியிருந்தது. சேர்ந்தவற்றிலும் கால்பங்கில் சேர்க்கை கணுக்கால் மட்டத்திலோ அதற்குக் கீழோதான் நடந்திருந்தது. மற்ற ஆய்வுகளில் சேர்க்கையின் விகிதம் பாதியை ஒட்டியும் இருக்கிறது, 80 சதவீதத்தை ஒட்டியும் இருக்கிறது.

நோயறியத் துண்டெடுக்கவும், வேறிடத்தில் அறுந்த நரம்பை ஒட்டவும் மருத்துவர்கள் அதிகம் நாடுவது இந்த நரம்பைத்தான். அக்கிலிஸ் தசைநாணின் வெளி விளிம்பை இது தசைநாண் பொருந்தும் இடத்திலிருந்து சராசரியாக 9.8 செ.மீ. மேலே கடக்கிறது என்று 2000இல் வெப் குழு 30 உடல்களில் அளந்தது. அறுந்த அக்கிலிஸைச் சிறு துளைகள் வழியே தைக்கும் முறையில் ஊசி போகும் இடமும் அதுவே.

4.3 டிபியல் நரம்பு

உள்கணுவுக்குப் பின்னால் நார்ப்பட்டை மூடிய ஒடுங்கிய வழியை டார்சல் சுரங்கம் என்பார்கள். அதற்குள் நரம்பு நசுங்குவதால் வரும் உள்ளங்கால் எரிச்சலையும் மரப்பையும் 1962இல் கெக், லாம் இருவரும் தனித்தனியே விவரித்தார்கள். டிபியல் நரம்பு உள்ளங்காலுக்கான இரு கிளைகளாகப் பிரிவது இந்தச் சுரங்கத்துக்குள்தான் என்பதை 1988இல் ஹேவல் குழு 68 பாதங்களில் 93 சதவீதத்தில் கண்டது. எஞ்சியவற்றில் நரம்பு சுரங்கத்துக்கு மேலேயே பிரிந்துவிட்டது. குதிகாலுக்குப் போகும் கிளைகளில் மாறுபாடு இதைவிட அதிகம். பெரும்பாலான கால்களில் ஒன்றாகவும், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் ஒன்றுக்கு மேற்பட்டும் அவை இருந்தன.

4.4 துணை ஆழ் பெரோனியல் நரம்பு

மாறுபாட்டை உயிருள்ளவரிடம் கண்டுபிடிப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. விரல்களை நீட்டும் குறுந்தசை ஒன்று வெளிக்கணுவுக்கு முன்னால் சிறு மேடாகத் தெரியும். ஆழ் பெரோனியல் நரம்பே அதை இயக்குகிறது என்பது பாடம். சிலருக்கு மேலோட்டப் பெரோனியல் நரம்பிலிருந்து ஒரு கிளை பிரிந்து, வெளிக்கணுவின் பின்புறமாகச் சுற்றிவந்து, அதே தசையின் ஒரு பகுதியை இயக்குகிறது.

நரம்புக் கடத்தல் சோதனையில் இது இப்படித் தெரியவரும். அந்தத் தசைமீது மின்முனையை ஒட்டிவிட்டு, முதலில் கணுக்காலின் முன்புறம் நரம்பைத் தூண்டுகிறார்கள். திரையில் ஓர் அலை எழுகிறது. பிறகு முழங்காலுக்குக் கீழே ஃபிபுலாவின் தலைப்பகுதியில் தூண்டுகிறார்கள். நரம்பின் மேற்பகுதியில் தூண்டினால் அலை அதே அளவாகவோ சற்றுச் சிறிதாகவோ இருக்கவேண்டும். சிலரிடம் அது பெரிதாக எழும். அனுபவமுள்ள பரிசோதகர் உடனே மின்தூண்டியை வெளிக்கணுவின் பின்னால் கொண்டுபோவார். அங்கேயும் ஒரு சிறு அலை எழுந்தால் கணக்கு நேராகிவிடும். முன்புற அலையும் பின்புற அலையும் சேர்ந்ததே முழங்கால் அலை. இந்த ஒரு தூண்டலைச் செய்யாமல் விட்டால், ஆழ் பெரோனியல் நரம்பு முற்றிலும் சிதைந்த காலிலும் தசை இயங்குவதைக் கண்டு நரம்பு ஓரளவு தப்பியது என்று தவறாக முடிவு செய்ய நேரும்.

1969இல் லாம்பர்ட் இதைப் பரவலான மாறுபாடு என்று எழுதினார். மின்சோதனை ஆய்வுகள் பலவும் 17 முதல் 28 சதவீதம் என்கின்றன. 1973இல் கிரட்ச்ஃபீல்டு, கட்மன் இருவரும் இது குடும்பவழியாக வருவதைக் காட்டினார்கள். ஐந்தில் ஒருவரிடம் இருப்பதும் பரம்பரையாக வருவதுமான ஓர் அமைப்பை விதிவிலக்கு என்று ஒதுக்குவது எப்படிப் பொருந்தும்?

5. எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை

மேலே கண்ட முரண்பாடுகளுக்கு நான்கு காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, வரையறை. ‘இல்லை அல்லது மிக மெலிந்தது’ என்று எண்ணுபவரும், ‘வேறு தமனி இடத்தைப் பிடித்துவிட்டது’ என்று எண்ணுபவரும் வெவ்வேறு பொருள்களை எண்ணுகிறார்கள். டார்சல் சுரங்கத்தின் மேல் எல்லையும் அப்படியே. அந்த நார்ப்பட்டை காலின் ஆழ்படலத்தோடு படிப்படியாகக் கலக்கிறது. அதன் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இராது. எனவே நரம்பு ‘உள்ளே’ பிரிந்ததா ‘மேலே’ பிரிந்ததா என்பது விளிம்பை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதைத் தவிர்க்கத்தான் 1984இல் டெலன், மெக்கின்னன் இருவரும் உள்கணுவையும் குதியெலும்பையும் இணைக்கும் ஒரு கோட்டை அளவுகோலாகக் கொண்டார்கள். பிறகு வந்தவர்களில் எல்லாரும் அந்தக் கோட்டைப் பின்பற்றவில்லை.

இரண்டாவது, கருவி. கத்தி காண்பதும் ஆஞ்சியோகிராம் காண்பதும் விரல் உணர்வதும் மின்முனை பதிவதும் ஒன்றல்ல. உருவம் இருந்தும் செயல் இல்லாத கிளையைக் கத்தி எண்ணும், மின்முனை எண்ணாது. நூலிழையளவான கிளையைக் கத்தி தவறவிடும், மின்முனை பிடித்துவிடும். ஆஞ்சியோகிராம் எடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் இரத்தக்குழாய் நோயாளிகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். அடைப்பால் மறைந்த தமனி, பிறவியிலேயே இல்லாத தமனியாகக் கணக்கில் ஏற வாய்ப்புண்டு.

மூன்றாவது, எண்ணும் அலகு. காலை எண்ணுகிறோமா, ஆளை எண்ணுகிறோமா? ஒரு மாறுபாடு ஒரு காலில் மட்டும் இருப்பவரை ஆள் கணக்கில் முழுமையாக ஒன்று என்போம், கால் கணக்கில் இரண்டில் ஒன்று என்போம். ஒரே உடலின் இரு கால்களைத் தனித்தனிச் சான்றுகளாகக் கொள்வது புள்ளியியலுக்கும் ஒவ்வாது.

நான்காவது, எண்ணிக்கை. பிளேர்–பாட்டே சொன்ன 72 சதவீதம் என்பது 25இல் 18. அத்தனை சிறிய மாதிரியில், உண்மை விகிதம் 52 முதல் 86 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம் என்பதே 95 சதவீத நம்பக இடைவெளி தரும் விடை. 68 பாதங்களில் கண்ட 93 சதவீதத்துக்கும் இடைவெளி 84 முதல் 97 வரை விரிகிறது. முப்பது உடல்களில் ஒன்றில்கூடக் காணவில்லை என்றாலும், அந்த மாறுபாடு மக்களில் 10 சதவீதம் வரை இருக்க இடமுண்டு. இரண்டு நாடுகளிலிருந்து வரும் 65 சதவீதத்தையும் 75 சதவீதத்தையும் ஒப்பிட்டு இன வேறுபாடு பேசுபவர்கள் முதலில் இந்த இடைவெளிகளைப் போட்டுப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

6. ஐந்தையும் ஒரே காலில் வைத்தால்

இதுவரை கண்ட ஐந்து கூறுகளையும் ஒன்றாகப் பார்ப்போம். பாதத்தின் தமனிகள் பாடநூல்படி அமைந்தவை ஏறத்தாழ 94 சதவீதம். டிபியல் நரம்பு சுரங்கத்துக்குள் பிரிவது 93. மேலோட்டப் பெரோனியல் ஒற்றையாக வெளிவருவது 72. சூரல் இரு கிளைகளின் சேர்க்கையாவது 67. துணை ஆழ் பெரோனியல் இல்லாதவர்கள் 80 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இவை நிகழ்வதாகக் கொண்டு பெருக்கினால் கிடைப்பது சுமார் 34 சதவீதம்.

அதாவது, ஐந்திலும் பாடநூலோடு ஒத்துப்போகும் கால் மூன்றில் ஒன்றுதான். ஒவ்வொரு கூறிலும் பாடநூல் வடிவமே பெரும்பான்மை. எல்லாம் கூடிய கணுக்காலோ சிறுபான்மை. குதிகால் கிளைகளின் எண்ணிக்கையையும், மேலோட்டப் பெரோனியல் ஓடும் தசைப்பிரிவையும் கணக்கில் சேர்த்தால் அது இன்னும் சுருங்கும்.

இந்தக் கணக்குக்கு எதிராக இரண்டு தடைகளை எழுப்பலாம். வெவ்வேறு மக்களிடம் வெவ்வேறு முறைகளில் பெற்ற எண்களைப் பெருக்குவது சரியா என்பது முதல் தடை. துல்லியமான விடைக்கு இது உதவாது என்பது உண்மையே. ஆனால் எண்களை இரு பக்கமும் நியாயமான அளவுக்கு நகர்த்தினாலும் விடை பாதியைத் தாண்டுவது கடினம். மேலோட்டப் பெரோனியலுக்கு 80, சூரலுக்கு 80, துணை நரம்பு இல்லாமைக்கு 83 என்று பாடநூலுக்குச் சாதகமாகவே கொண்டாலும், மற்ற இரண்டையும் பெருக்கும்போது 46 சதவீதத்தில்தான் நிற்கிறது.

இரண்டாவது தடை வலுவானது. இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்பதற்கு என்ன ஆதாரம்? மாறுபாடுகள் சில கால்களிலேயே குவிந்திருக்குமானால், பாடநூல் கால்களின் எண்ணிக்கை இந்தக் கணக்கைவிடக் கூடும். இதைத் தீர்க்க, மாறுபாடுகள் உருவாகும் விதத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

7. மாறுபாடு எப்படி உருவாகிறது

கருவில் கால் மொட்டு அரும்பும்போது அதற்கு இரத்தம் தருவது, பின்புறமாக இறங்கும் ஒற்றை அச்சுத் தமனி. தொடைத் தமனி பின்னர் வளர்ந்து அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. அச்சுத் தமனியின் பெரும்பகுதி தேய்ந்துபோக, முழங்காலுக்குக் கீழே அதன் எச்சம் பெரோனியல் தமனியில் தொடர்கிறது. இந்த வரலாற்றை 1919இல் சீனியர் விரிவாக எழுதினார். பெரோனியல் ஏன் அழிவதில்லை, மற்றவை தவறும்போது ஏன் அதுவே கைகொடுக்கிறது என்ற கேள்விகளுக்கு இதில் விடை இருக்கிறது. அதுதான் மூத்தது.

தமனிகள் முதலில் வலைப்பின்னலாகத் தோன்றுகின்றன. பல பேர் நடக்கும் வழி ஒற்றையடிப் பாதையாக நிலைப்பதுபோல, இரத்தம் மிகுதியாக ஓடும் இழை பெருத்துத் தமனியாகிறது, மற்றவை மங்குகின்றன. எந்த இழை வெல்லும் என்பது பெரும்பாலும் ஒரே மாதிரி முடிந்தாலும், எப்போதும் அப்படி முடியவேண்டிய கட்டாயமில்லை. நரம்புகளின் கதை வேறு. நரம்பிழைகள் தசையையும் தோலையும் நாடி வளரும்போது எந்தக் கற்றையோடு சேர்ந்து போகின்றன என்பதில் நெகிழ்வு உண்டு. சேரவேண்டிய இடம் மாறுவதில்லை, போகும் வழி மாறுகிறது. சூரலின் பெரோனியல் கிளை சேராத காலிலும் தோலுக்கு உணர்வு கிடைத்துவிடுகிறது. துணை ஆழ் பெரோனியல் நரம்பும் அதே தசைக்குத்தான் போய்ச் சேருகிறது.

தமனி மாறுபாடும் நரம்பு மாறுபாடும் வெவ்வேறு செயல்முறைகளில் பிறப்பதால், அவற்றைத் தனித்தனி நிகழ்வுகளாகக் கொள்வதற்கு ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் முழு நியாயமில்லை என்பதற்குப் பிறவி வளைபாதம் சான்று. வளைபாதத்தோடு பிறந்த குழந்தைகளில் முன் டிபியல் தமனியும் புறங்கால் தமனியும் மெலிந்திருப்பது கணிசமாகக் காணப்படுகிறது. அங்கே பாதத்தின் வடிவமும் தமனியின் வளர்ச்சியும் சேர்ந்தே விலகுகின்றன. வளைபாதத்தைத் திருத்தும் பொன்செட்டி முறையில் அக்கிலிஸ் தசைநாணைத் தோல்வழியே அறுத்தபோது கடும் இரத்தப்போக்கு ஏற்பட்ட குழந்தைகளைப் பற்றி 2004இல் டாப்ஸ் குழு எழுதியது. பாதிக்கப்பட்ட குழாய்களில் பெரோனியல் தமனியும் இருந்தது. பாதம் பெரோனியலை அதிகம் நம்பியிருக்கும் காலில் அந்தக் காயத்தின் பொருளே வேறு.

8. மேசைமேல் இதன் விலை

ஃபிபுலா எலும்பை அதன் தமனியோடு எடுத்து உடலின் வேறிடத்தில் பொருத்தும் அறுவையை 1975இல் மெல்பர்னில் டெய்லர் குழு அறிமுகம் செய்தது. 1989இல் ஹிடால்கோ அதைத் தாடையெலும்பை மீட்கப் பயன்படுத்தினார். வாய்ப் புற்றுநோய் மிகுந்த இந்தியாவில் இது இப்போது பரவலாகச் செய்யப்படும் அறுவை. எலும்போடு எடுக்கப்படுவது பெரோனியல் தமனிதான். பெரும் பெரோனியல் தமனியுள்ள காலில் அதை எடுத்தால் பாதமே போய்விடும்.

இந்த அறுவைக்கு முன்னதாக எல்லாருக்கும் சிடி ஆஞ்சியோகிராம் தேவையா என்பதில் மருத்துவர்களிடையே கருத்துவேறுபாடு உண்டு. பாதத்தின் இரு நாடிகளும் நன்றாகத் தட்டுப்பட்டால் போதும் என்பது ஒரு தரப்பு. மூன்றாம் பகுதியில் கண்டதை நினைத்தால் இந்த வாதத்தின் ஓட்டை தெரியும். புறங்கால் நாடி நன்றாகத் துடிக்கலாம், அந்தத் துடிப்பைத் தருவது பெரோனியல் தமனியாகவே இருக்கலாம். விரலுக்கு நாடி தெரியுமே தவிர, அது எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. 0.2 சதவீதம் அரிதுதான். ஆனால் இழப்பு ஒரு பாதம் என்னும்போது, அரிது என்பது பரிசோதனையைத் தவிர்க்கக் காரணமாகாது.

நரம்புகளின் விலை இதைவிடச் சிறியது, ஆனால் அடிக்கடி கொடுக்க நேர்வது. கணுக்கால் ஆர்த்ராஸ்கோபி செய்துகொண்ட 612 பேரை 1996இல் ஃபெர்கல் குழு ஆராய்ந்தது. சிக்கல்கள் 9 சதவீதம். அவற்றில் பாதி நரம்பைச் சேர்ந்தவை. நரம்புச் சிக்கல்களில் பாதிக்கும் மேல் மேலோட்டப் பெரோனியலைச் சேர்ந்தவை. இந்த நரம்பைத் தோலின்மேலேயே கண்ணால் காணமுடியும். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி உள்பக்கம் திருப்பி, நான்காம் விரலை மடக்கினால் பலரிடம் தோலடியில் ஒரு கோடு எழும்பும். மருத்துவர் அதைப் பேனாவால் வரைந்துகொள்கிறார். அதற்குப் பிறகு பாதத்தை நேராக வைத்ததும் நரம்பு சில மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்துவிடுகிறது என்று 2010இல் ஒரு டச்சுக் குழு காட்டியது. கோடு நின்ற இடத்தில் நிற்கும், நரம்பு நிற்காது. கோட்டுக்கு வெளிப்பக்கத்தை ஒட்டித் துளையிடுபவர் நரம்பின்மேலேயே துளையிடக்கூடும். ஆளுக்கு ஆள் மாறும் அமைப்பு ஒருபுறமிருக்க, ஒரே ஆளின் நரம்பும் பாதத்தின் நிலைக்கேற்ப மாறுகிறது.

மாறுபாட்டை உள்வாங்கிக்கொண்ட பரிசோதனை முறைக்கும் எடுத்துக்காட்டு உண்டு. கால் தமனி அடைப்பைக் கண்டறியக் கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுக்கும் முறையில், புறங்கால் தமனி, பின் டிபியல் தமனி இரண்டிலும் அளந்து, எது கூடுதலோ அதையே எடுத்துக்கொள்கிறார்கள். விடை 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நோய். ஒரு தமனி பிறவியிலேயே மெலிந்திருந்தாலும் அவரை நோயாளி என்று முத்திரை குத்தாதபடி இந்த முறை அமைந்துவிட்டது. சர்க்கரை நோயாளியின் பாதத்தைப் பரிசோதிக்கும்போது புறங்கால் நாடி மட்டும் தட்டுப்படாததைவிட, உள்கணுவுக்குப் பின்னால் நாடி தட்டுப்படாததைக் கூடுதல் எச்சரிக்கையாகக் கொள்வதும் இதே அறிவின் பயன்.

9. முடிவாக

பாடநூல் படத்தைக் கைவிடவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தல்ல. கற்பவருக்குத் தொடக்கம் ஒன்று தேவை, அந்தப் படம் நல்ல தொடக்கம். அதை இயல்பான கணுக்கால் என்று அழைத்து, எஞ்சியவற்றை விலகல் என்று ஒதுக்குவதுதான் பிழை. கிடைத்திருக்கும் எண்களைக் கொண்டு பார்த்தால், எல்லாக் கூறுகளிலும் அந்தப் படத்தோடு பொருந்தும் கால்கள் பாதிக்கும் குறைவு.

இதை உறுதியாகச் சொல்லத் தேவையான தரவு ஒன்று உண்டு. ஒரே காலில் தமனிகளையும் நான்கு நரம்புகளையும் சேர்த்துப் பதிவு செய்த, பெரிய எண்ணிக்கையிலான ஆய்வே அது. இதுவரை வந்தவை பெரும்பாலும் ஒரு நரம்பையோ ஒரு தமனியையோ தனியே எடுத்து எண்ணியவை. உடற்கூறியல் துறைக்கு ஆண்டுதோறும் உடல்கள் வந்துசேரும் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் இதைச் செய்யமுடியும். செலவு அதிகமில்லை. ஒரே வரையறை, ஒரே படிவம், கால் எண்ணிக்கையோடு ஆள் எண்ணிக்கை, சதவீதத்தோடு நம்பக இடைவெளி ஆகியவை போதும். தனித்தனியே வெளியாகும் முப்பது உடல் கட்டுரைகளைவிட, பத்துக் கல்லூரிகள் சேர்ந்து நிரப்பும் ஒரு படிவம் பயனுள்ளது.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. ஃபிபுலா எலும்பை எடுக்கும் அறுவைக்கு முன்னால் மருத்துவர் காலுக்குச் சிடி ஆஞ்சியோகிராம் எழுதினால் அதை வீண்செலவு என்று தட்டிக்கழிக்காதீர்கள். அவர் எழுதாவிட்டால், ஏன் வேண்டாம் என்று கேளுங்கள்.